மூன்றாவது பூட்டு

ஃபோர்மேன் இறந்து மூன்றாம் நாள் காலையிலும் இரண்டாம் பிளாக்கில் தண்ணீர் வரவில்லை. அதற்குக் காரணம் வேறு யாரும் இல்லை, ஃபோர்மேன்தான்.

மகளுக்கு அழக்கூட நேரம் கிடைக்கவில்லை. வீடு நிறைய ஆட்கள். துக்கம் கேட்க வருகிறவர்கள் கேட்டுவிட்டுப் போனால் பரவாயில்லை. உட்காருகிறார்கள். டீ குடிக்கிறார்கள். டம்ளரை நானே கழுவுகிறேன் என்று எழுந்து குழாயைத் திறக்கிறார்கள். குழாய் இருமுகிறது. உடனே அம்மாவைப் பார்த்து, மனிதர் போனதைவிட இதுதான் பெரிய அதிர்ச்சி என்பது போல, தண்ணீர் இல்லையா என்று கேட்கிறார்கள். அம்மா எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவரு பூட்டிட்டுப் போயிட்டாரு."

அது உண்மை. வளாகத்தில் இரண்டு பிளாக். நடுவில் முற்றம், முற்றத்துக்கு அடியில் தொட்டி, ஓரமாக மோட்டார் அறை. இரண்டு பிளாக்குக்கும் ஒரே மோட்டார். அதிலிருந்து கிளம்பும் குழாய் இரண்டாகப் பிரிந்து பிளாக்குக்கொரு மொட்டைமாடித் தொட்டிக்குப் போகிறது. ஒவ்வொரு கிளையிலும் ஒரு வால்வு. இரண்டு வால்வையும் சேர்த்து மூடி ஓர் இரும்புப் பெட்டி. பெட்டிக் கதவில் ஆறு துளை போட்ட எஃகுக் கவ்வி. துளைக்கு ஒரு பூட்டு மாட்டலாம். அத்தனை பூட்டும் கழன்றால்தான் கவ்வி வாயைத் திறக்கும். ஒன்று தொங்கினாலும் திறக்காது.

அதில் மூன்று பூட்டு உண்டு. ஒன்று முதல் பிளாக் தையல்காரருடையது. ஒன்று இரண்டாம் பிளாக் டிரைவருடையது. மூன்றாவது ஃபோர்மேனுடையது. தினமும் காலையில் மூவரும் வந்து, பெட்டியைத் திறந்து, முதல் பிளாக்குக்கு நாற்பது நிமிடம் விடுவார்கள். மறுபடி பூட்டு. நாற்பது நிமிடம் கழித்து மறுபடி திறந்து, இரண்டாம் பிளாக்குக்கு நாற்பது நிமிடம். அன்றைக்கு முதல் நாற்பது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தபோது, இதோ வருகிறேன் என்று ஃபோர்மேன் மாடிக்குப் போனார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். அப்படியே ஆஸ்பத்திரி. அங்கிருந்து வந்த பையில் மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், போன், ஒற்றைச் செருப்பு. சாவி இல்லை. படியிலா, வண்டியிலா, எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆக, முதல் பிளாக்கில் தொட்டி நிரம்பி வழிகிறது. இரண்டாம் பிளாக்கில் பல் தேய்க்க வழியில்லை. தையல்காரரும் டிரைவரும் அன்றைக்கே தங்கள் பூட்டைக் கழற்றிவிட்டார்கள். ஃபோர்மேனின் பூட்டு மட்டும் தொங்கியது. அதோடு ஒரு சிவப்பு அட்டை: 'வேலையில் இருக்கிறேன். தொடாதே.' அவருடைய கையெழுத்துதான்.

மகள் ஓர் எண்ணெய் ஆலையில் கருவிப் பொறியாளர். வாழ்நாள் முழுக்க அவள் பார்க்கும் வேலை, எது மூடியிருந்தால் எது திறக்கக் கூடாது என்று இயந்திரங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது. அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே அப்பாவோடு ஐந்து நிமிடம் போனில் பேசினால் அவளுக்குத் தலைவலி வரும்.

அவர் பத்தொன்பது வயதில் ஒரு காகித ஆலையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். இருபத்தேழு வயதில், கூழ் கடையும் பெரிய தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது யாரோ மேலே பட்டனை அழுத்திவிட்டார்கள். விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. பக்கத்தில் இருந்தவர் கத்திய கத்தலில் நிறுத்தினார்கள். உயிர் தப்பியது. இடது கை அதற்குப் பிறகு காதுக்கு மேலே போகவில்லை. அவர் சட்டை போடுவதைப் பார்த்தால் யாரோடோ மல்லுக்கட்டுவது போல இருக்கும்.

பட்டனை அழுத்தியவர் அவருடைய உயிர் நண்பர். ஒரே சங்கம், ஒரே டிபன் பாக்ஸ். எல்லோரும் டீக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்தாராம். அவர் காலில் விழுந்து அழுதார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஃபோர்மேன் அதைப் பற்றி மகளிடம் ஒரே ஒரு முறைதான் பேசினார். "கூட்டாளி, அதனால மறந்துட்டான். எதிரியா இருந்தா நான் எங்க இருக்கேன்னு கண்ணு வெச்சிருப்பான்."

அதன் பிறகு அவர் யாரையும் நம்பவில்லை. கோபத்தில் அல்ல, முறைப்படி. ஆலையில் ஆளுக்கொரு பூட்டு என்ற வழக்கம் வந்தபோது, உள்ளே இறங்குகிற ஒவ்வொருவனும் தன் பூட்டைச் சுவிட்சில் மாட்டிவிட்டு, வெளியே வந்து தானே கழற்ற வேண்டும் என்றபோது, அவர் பிறந்ததே அதற்காகத்தான் என்று ஆனது. ஃபோர்மேனாக ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தும் விடவில்லை. மிக்சியைக் கழுவ வேண்டுமா, பிளக்கைப் பிடுங்கி உன் பையில் போட்டுக்கொள். மின்விசிறியைத் துடைக்க வேண்டுமா, சுவிட்சில் அட்டையைத் தொங்கவிடு. ஒரு தடவை அம்மா, இந்த மனுஷனுக்கே ஒரு அட்டை மாட்டினால் தேவலை என்றாள். அவர் சிரிக்கவில்லை. எந்த இடத்தில் என்று கேட்டார்.

வளாகத்துப் பெட்டி வந்தது நான்கு வருடம் முன்பு. தேர்தல் நேரம். முதல் பிளாக்கில் பெரும்பாலும் தொழுகிறவர்கள், ஒரு கட்சி. இரண்டாம் பிளாக்கில் பெரும்பாலும் சாமி கும்பிடுகிறவர்கள், இன்னொரு கட்சி. யாரோ ஒருவர் மொட்டைமாடித் தொட்டியில் கொடி கட்டினார். யாரோ ஒருவர் வால்வை மூடினார். பதிலுக்கு மற்ற வால்வும் மூடியது. படிக்கட்டில் சட்டை கிழிந்தது. ஒரு பல் போனது. போலீஸ் வந்தது. அப்புறம் நல்ல மனம் படைத்த சிலர் முற்றத்தில் நாற்காலி போட்டுச் சமாதானக் கூட்டம் நடத்தினார்கள். எல்லோரும் ஒரு தாய் மக்கள் என்று பேசினார்கள். தையல்காரரும் டிரைவரும் கட்டிப் பிடித்தார்கள். போட்டோ எடுத்தார்கள். மறுநாள் காலையில் வால்வு மூடியிருந்தது.

ஃபோர்மேன் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. சாமியும் கும்பிட மாட்டார், தொழவும் மாட்டார். ஓட்டு யாருக்கு என்று அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. இரண்டு பக்கத்துக்கும் அவரைச் சமமாகப் பிடிக்காது. அந்தத் தகுதியோடு, பெட்டியையும் கவ்வியையும் தூக்கிக்கொண்டு வெல்டிங்காரரோடு வந்து நின்றார். "கட்டிப் பிடிச்சது சரி. வால்வு யாரு கையில?" என்றார்.

நான்கு வருடம். ஒரு நாள் தவறாமல் தையல்காரரும் டிரைவரும் இரண்டு மீட்டருக்கு மூன்று மீட்டர் அறையில் நாற்பது நிமிட இடைவெளியில் இரண்டு முறை சந்தித்தார்கள். மோட்டார் அறைக்குள் மோட்டாரைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும் என்பது ஃபோர்மேன் சட்டம். இரண்டாம் வாரமே அதை உடைத்தார்கள். ஆட்சி, வரி, வேலை, யார் யாரைக் கொன்றார்கள், யார் முதலில் கொன்றார்கள், எல்லாம் அங்கே அலசப்பட்டது. இருவரில் ஒருவரும் ஓர் அங்குலம் நகரவில்லை. நடுவில் தேர்தலில் ஆட்சி மாறியது. இருவரும் கட்சி மாறவில்லை, திட்டுகிற பாட்டை மட்டும் ஆளுக்காள் மாற்றிக்கொண்டார்கள்.

ஆனால் சுவரில் ஒரு அட்டவணை இருந்தது. ஃபோர்மேன் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது. ஒரு பக்கம் டிரைவரின் டூட்டி நேரம், ஒரு பக்கம் தையல்காரரின் விடியற்காலைத் தொழுகை நேரம். டூட்டி வாரா வாரம் மாறும். தொழுகை சூரியனோடு நகரும். இரண்டும் இடிக்காத நேரம் எது என்று கண்டுபிடித்துக் கடைசிக் கட்டத்தில் எழுதியிருப்பார். டிரைவருக்குத் தையல்காரரின் தொழுகை நேரம் தன் பஸ் நேரத்தைவிட நன்றாகத் தெரியும். தையல்காரர், "நாளைக்கு அவருக்கு முதல் வண்டி, சீக்கிரம் முடிங்க" என்று ஃபோர்மேனை விரட்டுவார். இதை நல்லிணக்கம் என்று யாராவது சொல்லியிருந்தால் மூவருமே அடிக்க வந்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மகள் கடைத்தெருவுக்குப் போய், கை நீளத்துக்கு ஒரு போல்ட் கட்டர் வாங்கி வந்தாள். நேராக மோட்டார் அறை. கட்டரின் வாயைப் பூட்டின் வளையத்தில் வைத்தாள்.

"ஏம்மா, ஏம்மா, நிறுத்து" என்று பின்னால் சத்தம். டிரைவர். லுங்கியோடு ஓடி வந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் கழுத்தில் இஞ்ச் டேப்போடு தையல்காரர்.

சின்ன வயதிலிருந்து அவள் இருவரையும் மாமா என்றுதான் கூப்பிடுவாள். மாமா என்றால் இரண்டு தலையும் திரும்பும், ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும். இன்று முறைக்கவில்லை. இருவரும் சேர்ந்து அவளை முறைத்தார்கள்.

மேலே மூன்றாம் மாடியில் பிறந்து பத்து நாள் ஆன குழந்தை இருக்கிறது, இப்போது வெட்டியாக வேண்டும் என்றாள். குழந்தைக்குத் தன் வீட்டிலிருந்து மூன்று குடம் போயிருக்கிறது என்றார் தையல்காரர். கூட இரண்டு குடம் போனால் குறைந்தா போவீர்கள் என்றார் டிரைவர். முற்றத்தில் நான்கு வருடமாகக் குறுக்கே நடக்காதவர்கள் மூன்று நாளாகக் குடத்தோடு நடக்கிறார்கள், அதிலும் யார் குடம் யாரிடம் போனது என்று இப்போதே இரண்டு சண்டை.

"சரி. அதுக்குத்தான் வெட்டறேன். தள்ளுங்க."

"அடுத்தவன் பூட்டை அப்படி வெட்டக் கூடாதும்மா" என்றார் தையல்காரர். "உங்கப்பாதான் சொல்லுவாரு."

"எங்கப்பா செத்துட்டாரு மாமா."

"தெரியும். தோள் குடுத்தோமே, தெரியாதா?" என்றார் டிரைவர். "ஆனா ஃபாரம் இருக்கு. அதை நிரப்பணும்."

ஃபாரம் சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கியது. ஆலையில் இருந்ததைப் பார்த்து அப்பா கையால் எழுதி நகல் எடுத்தது. பூட்டின் உரிமையாளர் இல்லாதபோது பூட்டை அகற்றும் முறை. ஆறு கட்டம். அவளுக்குச் சிரிப்பதா கட்டரால் சுவரை இடிப்பதா என்று தெரியவில்லை.

"நாலு வருஷத்துல நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதானா? என் உயிரை வாங்கறது?"

தையல்காரர் இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார். அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். "கேளும்மா. இன்னைக்கு அவரு பூட்டு, அவசரம்னு ஒரு வரி தாண்டுவோம். நாளைக்கு இவங்க ஆளு என் பூட்டை வெட்டிட்டு, அன்னைக்கு ஃபோர்மேன் பூட்டை வெட்டலையான்னு கேப்பான்."

"எங்க ஆளு எதுக்கு வெட்டறான்? உங்க ஆளுதான் என் பூட்டை வெட்டுவான்" என்றார் டிரைவர். "அதனாலதாம்மா சொல்றேன். அவரு சொல்றது சரி."

சொல்லிவிட்டு டிரைவரே சங்கடப்பட்டுத் தொண்டையைச் செருமினார்.

இந்தப் பெட்டி இரும்பால் நிற்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு வரியைத் தாண்டினால் தண்ணீர் இன்றைக்கு வரும். அடுத்த மாதம் மறுபடி பல் போகும். ஒரு பொறியாளருக்கு இது புரிந்திருக்கக் கூடாதா? புரிந்தும் எரிச்சல் குறையவில்லை. பேனாவை வாங்கினாள்.

முதல் கட்டம், பூட்டு யாருடையது. எழுதினாள். இரண்டாவது, உரிமையாளர் வளாகத்தில் இருக்கிறாரா, தேடியவர்கள் இருவர், இருவரும் ஒரே தரப்பாக இருக்கக் கூடாது.

"போய்த் தேடிட்டு வரோம்" என்றார் டிரைவர்.

அவள் வேண்டாம் என்று கத்தினாள். போய்விட்டார்கள். முந்தாநாள் அவரைத் தூக்கிக்கொண்டு போன இரண்டு ஆட்கள் தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தார்கள். இரண்டு மொட்டைமாடிக்கும் ஏறினார்கள். முதல் பிளாக் மாடிக்கு டிரைவரும், இரண்டாம் பிளாக் மாடிக்குத் தையல்காரரும், ஒருவர் ஏரியாவில் மற்றவர் தேட வேண்டுமாம். மேலேயிருந்து ஃபோர்மேன், ஃபோர்மேன் என்று கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவள் மோட்டாரின் மேல் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். யாராவது பதில் சொல்லித் தொலைத்தால் என்ன செய்வது என்று ஒரு நொடி பயந்தாள். யாரும் சொல்லவில்லை. பதினைந்து நிமிடம் கழித்து மூச்சு வாங்க இறங்கி வந்து, ஆள் இல்லை என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்றாவது, போனில் அழைத்தீர்களா.

"அப்பா போன் என் பையில இருக்கு" என்றாள்.

தையல்காரர் அதற்குள் தன் போனை எடுத்து அழுத்திவிட்டார். அவளுடைய பைக்குள் மணி அடித்தது. சின்ன அறையில் அந்தச் சத்தம் இடமில்லாமல் முட்டியது. அவள் எடுத்துப் பார்த்தாள். திரையில் 'பூட்டு 1' என்று இருந்தது. முழுக்க அடித்து முடிகிற வரை தையல்காரர் போனைக் காதில் வைத்திருந்தார்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். தன் போனை எடுத்து அவரும் அடித்தார். 'பூட்டு 2.'

"நான் ரெண்டாவதா?" என்றார். "அவரு எங்க பிளாக்ல இருந்துக்கிட்டே?"

"பிளாக் நம்பருய்யா அது" என்றார் தையல்காரர். பிறகு, பதில் இல்லை என்று எழுதச் சொன்னார்.

நான்காவது, வராததற்குக் காரணம். அந்த இடத்தில் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அவள் ஒரே ஒரு சொல் எழுதினாள். எழுத்து சாய்ந்தது. அப்பா பார்த்திருந்தால் திருப்பி எழுதச் சொல்லியிருப்பார்.

ஐந்தாவது, வெட்டியவர்கள். ஒருமை இல்லை, பன்மை. கட்டருக்கு இரண்டு கைப்பிடி. ஆளுக்கொன்று பிடித்தார்கள். ஒருவர் அழுத்தும்போது மற்றவர் மூச்சு விட்டார். கட்டர் வழுக்கிச் சுவரில் அடித்தது. இழுக்காதீங்க டிரைவரே, நீங்க தள்ளாதீங்க டெய்லரே, என்று ஐந்து நிமிடம். கடைசியில் அவள், ஒன்று இரண்டு மூன்று சொல்கிறேன், அழுத்துங்கள் என்றாள். மூன்றிலா, மூன்றுக்கு அப்புறமா என்று டிரைவர் கேட்டார். அவள் எண்ணினாள். டக் என்று ஒரு சத்தம். பூட்டு தரையில் விழுந்தது.

வால்வைத் திருப்பினார்கள். குழாய்க்குள் காற்று உறுமிக்கொண்டு மேலே போனது. இரண்டாம் பிளாக்கில் ஒவ்வொரு மாடியாகப் பாத்திரச் சத்தம் எழுந்தது. உடனே டிரைவர், மூன்று நாள் பாக்கி, நூற்றிருபது நிமிடம் வேண்டும் என்றார். உங்கள் தொட்டி பிடிக்கிற தண்ணீர்தான் பிடிக்கும், மீதியைத் தலையில் ஊற்றிக்கொள்வீர்களா என்றார் தையல்காரர். அவள் நடுவில் புகுந்து, மூன்றாவது பூட்டுக்கு யார் என்று கேட்டாள். இருவரும் அடங்கினார்கள்.

முதலில் அவளையே பார்த்தார்கள். நாளை மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றாள். டிரைவர் ஒரு பெயர் சொன்னார், தையல்காரர் முகத்தைச் சுளித்தார். தையல்காரர் ஒன்று சொன்னார், டிரைவர் எழுந்தே நின்றுவிட்டார். நல்லவர்கள் பட்டியல் ஒவ்வொன்றாக அடிபட்டது. நல்லவர் என்றால் ஏதோ ஒரு பக்கத்துக்கு நல்லவர்.

"ரெண்டு பேருக்குமே ஆகாதவங்க யாரு?" என்றாள்.

"டியூஷன் டீச்சர்" என்றார்கள். ஒரே நேரத்தில்.

கீழ்த்தளத்தில் தனியாக இருக்கும் கணக்கு டீச்சர். ஒலிபெருக்கி வைத்ததற்காக இரண்டு தரப்பு மேலும் போலீசில் எழுதிக் கொடுத்தவர். டிரைவரின் கட்சியைத் திருடர்கள் என்பார். தையல்காரரின் கட்சியைப் படிக்காத திருடர்கள் என்பார். மகள் போய் விஷயத்தைச் சொன்னபோது, கையில் சாக்பீஸோடு கதவருகே நின்று கேட்டார். அட்டவணையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு, பதினேழாம் தேதி நேரம் நான்கு நிமிடம் தப்பு, ஃபோர்மேன் கழித்தலில் கோட்டை விட்டிருக்கிறார் என்றார்.

"வரேன். ஆனா ஒரு நிமிஷம் லேட்டானாலும் நான் பூட்டிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். உங்கப்பா மாதிரி உக்காந்து இவங்க கதையெல்லாம் கேக்க மாட்டேன்."

டீச்சர் கொண்டு வந்தது தன் சைக்கிள் பூட்டு. துளையில் நுழையவில்லை. அதற்கு ஒரு பத்து நிமிடம். தையல்காரர் தன் கடைக்கு ஆள் அனுப்பி, ஷட்டருக்கு வைத்திருந்த உபரிப் பூட்டைக் கொடுத்தார். சாவி இரண்டையும் டீச்சரிடம் தரும்படி டிரைவர் நின்று பார்த்துக்கொண்டார். நாற்பது நிமிடம் ஆனதும் வால்வை மூடி, மூன்று பூட்டையும் மாட்டினார்கள். டீச்சர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார். திமிர் பிடித்த பொம்பளை என்றார் டிரைவர். தையல்காரர் ஆமாம் என்று தலையாட்டினார்.

போகிற போக்கில் அவர்தான் ஃபாரத்தைக் கவனித்தார். தைக்கிற கண். ஒரு தையல் விட்டிருந்தால் தெரிந்துவிடும்.

"ஆறாவது கட்டம் காலியா இருக்கேம்மா."

ஆறாவது: உரிமையாளர் மீண்டும் வேலையைத் தொடங்கும் முன், பூட்டு அகற்றப்பட்டதை அவரிடம் தெரிவித்தவர், நேரம்.

"இதை எப்படி மாமா நிரப்பறது?" அவளுக்கு உண்மையிலேயே அழுகை வரும்போல இருந்தது. அதைக் கோபமாக மாற்றிக்கொண்டாள். "போதும். விடுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டிரைவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தார். பாதி நிரப்பிய ஃபாரம் செல்லாது என்று அவர் சொல்லவில்லை, சொன்னது போலத்தான் இருந்தது. பிறகு இருவரும் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்கள். முற்றத்தில் நூற்றிருபது நிமிடச் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

மகள் அறையில் தனியாக நின்றாள். யாரிடம் சொல்வது, எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில் மோட்டாரைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா, உங்க பூட்டை வெட்டியாச்சு. தண்ணி மேல போயிடுச்சு. இனிமே நீங்க காலைல இறங்கி வர வேண்டாம்."

பிறகு தன் பெயரை எழுதினாள். கைக்கடிகாரத்தைப் பார்த்து, பன்னிரண்டு மணி பத்து நிமிடம் என்று நேரத்தையும் எழுதினாள்.